குருத்துவப் பயிற்சியும் ஆத்தும வளர்ச்சியும்

உலகத்தில் தொழில்கள் பல. தொழில்தோறும் பயிற்சியும் உண்டு. தச்சன் மரத்தைப் பயில்கிறான். வைத்தியன் நோயையும் மருந்தையும் பயில்கிறான். நியாயவாதி சட்டத்தைப் பயில்கிறான். இவர்களிடத்தெல்லாம் கற்பவன் ஒருவன், கற்கப்படும் பொருள் மற்றொன்று. கத்தோலிக்க குருத்துவத்துக்கெனப் பயிலும் இளைஞனின் நிலைமையோ இதனின் வேறானது. அவனும் சாஸ்திரங்களைக் கற்கிறான் என்பது மெய்யே; ஆயினும் அச்சாஸ்திரங்களினும் முக்கியமாய் அங்கே செதுக்கப்படுவது அவனேயாவான். உளிபட்டு உருவாக வேண்டிய மரமும் அவன். அவ்வுளிக்குத் தானே மனமிசைந்து நிற்க வேண்டியவனும் அவன். ஆதலின் இப்பயிற்சியை மற்றப் படிப்புகளைப்போல ஆண்டுக்கணக்காலும் பரீட்சைக் கணக்காலும் மாத்திரம் அளந்தறிதல் இயலாது.

திண்டிவனத்துக்கு வடக்கே, செங்கற்பட்டை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையின்மேல் அமைந்த ஒலக்கூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் நம்மில் பலர் அறிவோம். ஏரி நீரையும் வானத்து மழையையும் நம்பி நெல்லும் மணிலாவும் பயிரிடும் ஊர்கள் அவை. விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்த இப்பகுதி, புதுவை – கடலூர் அதிமேற்றிராசனத்தின் எல்லைக்குள் உள்ளது. இத்தகைய ஓர் ஊரில் ஏழைக் குடியில் பிறந்த பையன் ஒருவன், ‘நான் குருவாக விரும்புகிறேன்’ என்று சொல்வானாயின், அவன் மனத்திலும் அவன் பெற்றோர் மனத்திலும் மூன்று கேள்விகள் எழுவது இயல்பு. முதலாவது, ‘இவ்வளவு உயர்ந்த நிலைக்கு நம்மைப் போன்றவர்கள் தகுதியுடையவர்களா?’ என்பது. இரண்டாவது, ‘நெடுங்காலம் மடத்தில் வாழ்ந்து திரும்புபவன் நம்மவனாகவே திரும்புவானா?’ என்பது. மூன்றாவது, வாய்விட்டுச் சொல்ல அஞ்சுவது: ‘இடையில் திரும்பி வர நேர்ந்தால் ஊர் என்ன சொல்லும்?’ என்பது. இம்மூன்று கேள்விகளையும் முன்வைத்துக்கொண்டே இப்பயிற்சியின் வரலாற்றையும், படிகளையும், அதனுள் நிகழும் ஆத்தும வளர்ச்சியின் தன்மையையும் நாம் ஈண்டு ஆராய்வோம்.

1. தகுதி யாருக்கு?

குருமடம் என்னும் ஸ்தாபனம் திருச்சபை தோன்றிய நாள்தொட்டே இருந்ததன்று. பழங்காலத்தில் மேற்றிராணியாருடைய இல்லத்திலும், பேராலயத்தைச் சார்ந்த பள்ளிகளிலும், துறவிகளின் மடங்களிலும், பின்னர்ச் சர்வகலாசாலைகளிலும் குருக்கள் பலவாறாகப் பயின்றனர். போதிய பயிற்சியின்றிப் பட்டம் பெற்றோரும் உண்டு. அதனால் விளைந்த கேடுகளைக் கண்ட திரிதெந்தீன் பொதுச்சங்கம், 1563-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி, ஒவ்வொரு மேற்றிராசனத்திலும் குருமாணவரைப் பயிற்றுதற்கென்றே ஒரு மடம் அமைக்கப்படல் வேண்டும் எனக் கட்டளையிட்டது. அக்கட்டளையில் நாம் கவனிக்கத்தக்க ஒரு விதி உளது. சேர்க்கப்படுவோர் பன்னிரண்டு வயதேனும் நிரம்பியவராய், எழுதவும் படிக்கவும் அறிந்தவராய் இருத்தல் வேண்டும் என்று கூறிய சங்கம், அவர்களுள் ஏழைகளின் மக்களையே சிறப்பாகத் தெரிந்தெடுக்க விரும்பிற்று. செல்வர் மக்களை அது விலக்கவில்லை. அவர்கள் தங்கள் செலவைத் தாங்களே ஏற்கட்டும் என்று மாத்திரம் சொல்லிற்று. ஆகவே, குருமடத்தின் வாசற்படி முதன்முதல் ஏழைக்கென்றே கட்டப்பட்டதென்றால் மிகையாகாது.

கல்வியில் மந்தமானவனுக்கு இடமுண்டோ என்பது அடுத்த ஐயம். பிரான்சு தேசத்து ஆர்ஸ் என்னும் சிற்றூரின் பங்குக் குருவாயிருந்த அர்ச். வியான்னி அருளப்பரின் சரித்திரம் இதற்கு விடை தரும். அவர் 1786-ல் ஒரு குடியானவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் பள்ளிப்படிப்பு மிகச் சொற்பம். இலத்தீன் மொழி அவருக்கு எவ்வளவு முயன்றும் எளிதில் வரவில்லை. லியோன் நகரத்துக் குருமடத்தில் 1813-ல் சேர்ந்த அவர், இலத்தீனில் நடந்த வகுப்புகளைப் பின்பற்ற இயலாமையால் விலக்கப்பட்டார். பல்லே என்னும் வயது முதிர்ந்த குரு ஒருவர் அவரைத் தம் இல்லத்தில் வைத்துத் தாய்மொழியிலேயே கற்பித்தார். அவருக்காக மேலோரிடம் மன்றாடவும் செய்தார். 1815 ஆகஸ்டு 13-ல் வியான்னி குருப்பட்டம் பெற்றார். 1818 முதல் தாம் மரித்த 1859 வரையில் அவர் இருந்த ஆர்ஸ் ஏறக்குறைய ஒலக்கூரினும் சிறிய ஓர் ஊரே. ஆனால் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யத் தேசமெங்கணுமிருந்து மக்கள் திரண்டு வந்தனர். 1929-ல் பதினோராம் பத்திநாதர் பாப்பானவர் அவரைப் பங்குக் குருக்கள் அனைவருக்கும் பாதுகாவலராக நியமித்தார். இச்சரித்திரத்தைக் காட்டிப் படிப்பு வேண்டாமென்று சாதிப்பது பேதைமை. அவர் படிப்பை விட்டு ஓடவில்லை. மீண்டும் மீண்டும் தோற்றும் அதனோடு போராடினார் என்பதே இதில் அறியற்பாலது. மந்த புத்தி தடையன்று, சோம்பலே தடை.

2. நம் நாட்டில் குருமடம்

இரண்டாம் கேள்விக்கு விடை காண நம் பகுதியின் வரலாற்றையே நோக்குதல் வேண்டும். 17-ம் நூற்றாண்டில் பாரிஸ் மாநகரில் தோன்றிய அந்நிய தேச வேதபோதக சபையார், ஆசியா கண்டத்து மக்களிலிருந்தே குருக்களை உருவாக்குவதைத் தங்கள் தலையாய நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தனர். சயாம் தேசத்து அயோத்தியா நகரில் அவர்கள் ஒரு பொதுக் குருமடம் அமைத்தார்கள். 1767-ல் பர்மியர் அந்நகரை அழித்தனர். அதனை அடுத்து அலைந்து திரிந்த அம்மடம், 1770-ல் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் வந்து தங்கியது. பிஞ்ஞோ தெ பெகேன் என்னும் இளங்குரு அதற்குத் தலைவராயிருந்தார். அன்னாம், சீனம் முதலிய தேசத்து மாணவர்கள் நம் சோழமண்டலக் கடற்கரையில், செம்படவர் குடிசைகளின் அருகே, இலத்தீன் பயின்றனர் என்பதை நினைக்கும்போது வியப்பாயிருக்கிறது. சில ஆண்டுகளில் அம்மடம் இங்கே மூடப்பட்டு, 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்குத் தீவில் மீண்டும் திறக்கப்பட்டது.

சேசு சபை 1773-ல் கலைக்கப்பட்டபின், 1776-ல் கர்நாடக மிஷன் பாரிஸ் சபையாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. பரந்த நாடு, விரல்விட்டு எண்ணத்தக்க குருக்கள். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வருவோரை மாத்திரம் நம்பி எத்தனை நாள் இருப்பது? இக்கேள்வியை முதன்மையாகக் கொண்டு, மேற்றிராணியார் பொன்னாந்த் 1844-ம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் புதுச்சேரியில் ஒரு சங்கம் கூட்டினார். உள்நாட்டுக் குருக்களைப் பெருக்குதலும், அதற்கெனக் குருமடத்தைத் திருத்தியமைத்தலும் அச்சங்கத்தின் ஆலோசனைகளில் தலைமை பெற்றன. அதன் தீர்மானங்களை லுக்கே என்னும் குரு உரோமைக்குக் கொண்டு சென்றார். அதன் பயனாக, 1845 நவம்பர் 23-ல் உரோமையிலுள்ள வேதபோதகப் பேராயம் மிஷன்கள் அனைத்திற்கும் ஒரு முக்கியமான அறிவுறுத்தலை அனுப்பிற்று. உள்நாட்டுக் குருக்களை மேற்றிராணியார் பதவிக்கும் தகுதியுள்ளவர்களாகப் பயிற்ற வேண்டும். அவர்களை அந்நிய குருக்களுக்கு வெறும் உதவியாட்களாக வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அதன் சாரம். புதுச்சேரியில் எழுந்த குரல் உலகெங்கும் கேட்டது என்று நாம் பெருமைப்படுவதில் தவறில்லை.

அச்சங்கத்தில் பங்குகொண்டவர்களுள் ஒருவர் மரியோன் பிரெசியாக். அதே 1844-ல் புதுச்சேரிக் குருமடத்துக்கு அதிபராக நியமிக்கப்பட்ட அவர், பின்னர்க் கோயம்புத்தூர் மிஷனுக்கு மேற்றிராணியாரானார். இந்நாட்டார் தங்கள் திருச்சபையைத் தாங்களே நடத்தத் தக்கவர்கள் என்பது அவருடைய உறுதி. அவ்வுறுதியை எல்லாரும் ஏற்கவில்லை. ‘இவர்களுக்கு இன்னும் பக்குவமில்லை’ என்று சொன்னவர்கள் பலர். பக்குவமில்லை என்று சொல்லிப் பொறுப்பைக் கொடாமல் இருந்தால் பக்குவம் எங்ஙனம் வரும்? நீந்தத் தெரிந்தபின்தான் குளத்தில் இறங்குவேன் என்பவன் கரையிலேயே நிற்பான். பிரெசியாக் பின்னர் இந்தியாவை விட்டு நீங்கி, 1856-ல் லியோனில் ஆபிரிக்க மிஷன் சபையை ஸ்தாபித்து, 1859 ஜூன் 25-ல் ஆபிரிக்காவின் பிரீடவுன் நகரில் கொள்ளைக் காய்ச்சலால் மரித்தார்.

அவர் காலத்தில் வாதமாயிருந்தது பின்னர் நிதரிசனமாயிற்று. பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பானவர் 1886-ல் இந்தியாவில் மேற்றிராசன ஒழுங்கை ஏற்படுத்தியபோது புதுச்சேரி அதிமேற்றிராசனமாயிற்று. அவரே 1893-ல் இந்தியக் குருமாணவருக்கென இலங்கையில் கண்டி நகரில் ஒரு குருமடம் தோன்றச் செய்தார். அது 1955-ல் பூனா நகருக்கு மாற்றப்பட்டது. புதுச்சேரியிலிருந்த பெரிய குருமடம் 1934-ல் பெங்களூருக்குச் சென்று அர்ச். இராயப்பர் குருமடமாக விளங்கலாயிற்று. பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1919-லும், பதினோராம் பத்திநாதர் 1926-லும் எழுதிய நிருபங்கள் உள்நாட்டுக் குருக்களின் உரிமையை மறுக்கவொண்ணாதபடி நிலைநாட்டின. 1923-ல் தூத்துக்குடிக்கு உரோச் ஆண்டவர் மேற்றிராணியாரானார். 1955-ல் புதுவை – கடலூர் அதிமேற்றிராசனத்துக்கே இந்தியர் ஒருவர், அம்புரோஸ் இராயப்பா ஆண்டவர், தலைவரானார். ஆகவே ‘குருமடம் நம் பிள்ளையை அந்நியனாக்கிவிடுமோ’ என்று அஞ்சும் பெற்றோர் ஒன்றை நினைவுகூர்வாராக: நம் பிள்ளைகள் நம்மவராகவே நின்று நமக்குக் குருக்களாக வேண்டும் என்பதற்காகவே இத்தனை போராட்டமும் நடந்தது.

3. பயிற்சியின் படிகள்

முற்காலத்தில் குருமாணவன் ஏறிய படிகள் பல. முதலில் தலைமயிரைச் சிறிது கத்தரிக்கும் சடங்கு. பின் வாயில் காப்போன், வாசிப்போன், பேயோட்டுவோன், பீடத் துணைவன் என்னும் நான்கு சிறு பட்டங்கள். அதன்பின் உபதியாக்கோன், தியாக்கோன், குரு என்னும் மூன்று பெரிய பட்டங்கள். 1972-ல் ஆறாம் சின்னப்பர் பாப்பானவர் மயிர் கத்தரிப்பையும் உபதியாக்கோன் பட்டத்தையும் நீக்கி, சிறு பட்டங்களில் வாசிப்போன், பீடத் துணைவன் என்னும் இரண்டைப் பணிகளாக மாற்றி நிலைநிறுத்தினார்.

இக்காலத்து முறை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-ல் வெளியிட்ட விதிகளை அடியொற்றியது. இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பானவர் 1992-ல் எழுதிய நிருபத்தில் பயிற்சியை நான்கு கூறாக வகுத்தார்: மனிதப் பண்பு, ஆத்தும வாழ்வு, கல்வி, மேய்ப்புப் பணி. இவற்றுள் மனிதப் பண்பை முதலில் வைத்ததன் நுட்பம் நோக்கத்தக்கது. வாக்குத் தவறாமை, பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டல், கோபத்தை அடக்கல், பொருளில் நாணயம் ஆகிய இவை இல்லாதவனிடம் எவ்வளவு பக்தி காணப்பட்டாலும் அது மணற்குவியலின்மேல் எழுப்பிய மாடமேயாகும்.

2016-ல் உரோமையிலிருந்து வெளிவந்த விதித்தொகுப்பு, இப்பயிற்சியை முன்னாயத்தம், சீடத்துவம், கிறிஸ்துநாதருக்கு ஒப்பாதல், மேய்ப்புப் பணியில் நிலைபெறுதல் எனப் பருவங்களாக வகுக்கின்றது. தத்துவசாஸ்திரம் கற்கும் காலம் சீடத்துவத்துக்கும், தேவசாஸ்திரம் கற்கும் காலம் மூன்றாம் பருவத்துக்கும் உரியவை. 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, தத்துவத்துக்கு முழு இரண்டு ஆண்டுகளும் தேவசாஸ்திரத்துக்கு முழு நான்கு ஆண்டுகளும் கணக்கிடப்படல் வேண்டும். தியாக்கோனாக 23 வயதும், குருவாக 25 வயதும் நிரம்பியிருத்தல் அவசியம். இரண்டு பட்டங்களுக்குமிடையே ஆறு மாதமேனும் செல்ல வேண்டும். இவற்றோடு இளங்குருமட வாழ்வும், கலாசாலைப் பட்டப்படிப்பும், பங்குகளில் தங்கிப் பழகும் காலமும் சேருமானால், பத்தாண்டுகளுக்கு மேலாவது நம் நாட்டில் சாதாரணம்.

4. நாளின் ஒழுங்கும் உள்ளத்தின் ஒழுங்கும்

மடத்தின் நாள் விடியுமுன் தொடங்குகிறது. எழுந்ததும் தியானம், காலைச் செபம், திவ்விய பலிபூசை, பின்னர் வகுப்புகள், தனிப்படிப்பு, பிற்பகலில் தோட்டவேலையும் விளையாட்டும், மாலையில் செபமாலை, இரவில் ஆத்தும சோதனை, அதன்பின் மறுநாட் காலைவரை மௌனம். வெளியிலிருந்து நோக்குவோருக்கு இது மணியோசைக்கு ஆடும் பொம்மலாட்டமாகத் தோன்றக்கூடும். முதலாண்டு மாணவனுக்கும் அப்படியே தோன்றும். மணியடித்தலால் எழுகிறான், எல்லாரும் போவதால் கோவிலுக்குப் போகிறான். அது குற்றமன்று; தொடக்கம் அவ்வாறே இருக்கும். ஆனால் மூன்றாம் ஆண்டிலும் மணிக்காக மாத்திரம் எழுபவன் வளரவில்லையென்றே கொள்ளல் வேண்டும். பங்கில் தனித்து வாழும்போது எழுப்புதற்கு மணி இராது. உள்ளே ஒரு மணி அடிக்கக் கற்றிருந்தாலன்றி, அவன் படுக்கையை விட்டுச் செபத்துக்கு எழமாட்டான். வெளி ஒழுங்கு உள்ளொழுங்காக மாறுதலே இப்பயிற்சியின் முதற்பயன்.

ஆத்தும சோதனை என்பதைக் குறித்துச் சிறிது விரித்துக் கூறுதல் நலம். அர்ச். இஞ்ஞாசியார் வகுத்த முறைப்படி அது ஐந்து படிகளையுடையது: அன்றைய நன்மைகளுக்கு நன்றியறிதல், தன்னைத் தான் அறிய ஒளி கேட்டல், நாழிகை நாழிகையாக நாளைத் திரும்பப் பார்த்தல், குறைகளுக்கு மன்னிப்பு வேண்டல், நாளைக்குத் தீர்மானம் செய்தல். நன்றியில் தொடங்குவதே இதன் சிறப்பு. குறைகளிலேயே தொடங்குபவன் தன்னைத் தானே நொந்து சோர்வான். நன்றியில் தொடங்குபவனோ குறையைக் கண்டும் கலங்கான். கடைக்காரன் இரவில் கணக்கு முடித்தலைப் போன்றது இது. அன்றன்று முடிப்பவனுக்குக் கால் மணி போதும். ஆண்டு முடிவில் பார்ப்போம் என்பவனுக்கு ஒரு மாதமும் போதாது.

தனியே தன்னைச் சோதிப்பவன் தன்னையே ஏமாற்றிக்கொள்ளவும் கூடும். அதனால்தான் ஒவ்வொரு மாணவனுக்கும் ஞான வழிகாட்டி ஒருவர் உண்டு. மடத்தின் அதிபர் வெளி நடத்தையைக் கண்டு தீர்ப்புச் சொல்பவர். ஞான வழிகாட்டியோ உள்ளத்தின் இரகசியங்களைக் கேட்பவர். ஒருவனைப் பட்டத்துக்கு அனுமதிப்பதா, மடத்திலிருந்து நீக்குவதா என்று ஆலோசிக்கையில், ஞான வழிகாட்டியின் கருத்தையோ பாவசங்கீர்த்தனம் கேட்பவரின் கருத்தையோ ஒருபோதும் கேட்கலாகாது என்று திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. இதன் நுண்மையை நாம் மதிக்க வேண்டும். தன் பலவீனத்தைச் சொன்னால் அதுவே தனக்கெதிரான சாட்சியாகுமோ என்னும் அச்சம் இருக்குமிடத்தில் உண்மை பிறவாது. உண்மை பிறவாத இடத்தில் வளர்ச்சியும் இல்லை.

5. மண்ணுக்குள் விளைவது

ஆத்துமம் எவ்வாறு வளர்கிறது என்பதற்கு நம் திண்டிவனத்துச் சீமையின் பயிரே சிறந்த உவமையாகும். மணிலாச் செடி மஞ்சள் நிறமாகப் பூக்கிறது. வழிப்போக்கன் பூவைக் கண்டு மகிழ்கிறான். பூவோ விரைவில் வாடிவிடும். வாடியபின்புதான் உண்மையான வேலை தொடங்குகிறது: பூவின் அடியிலிருந்து ஒரு விழுது கிளம்பிக் கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் இறங்குகிறது. காய் பிடிப்பது அங்கே, இருட்டில். மண் இறுகியிருந்தால் விழுது இறங்காது, காயும் பிடியாது. ஆதலால் குடியானவன் களைவெட்டிச் செடியின் அடியில் மண் அணைக்கிறான். விழுது இறங்கியபின் செடியை அசைத்துப் பார்ப்பவன் பயிரைக் கெடுப்பான்.

குருமாணவனின் முதலாண்டு உற்சாகம் அந்த மஞ்சள் பூவே. செபத்தில் இனிமை தோன்றும், கண்ணீர் பெருகும், உலகத்தையே மாற்றிவிடலாம் என்னும் துணிவு பிறக்கும். பின்னர் ஒருநாள் அவ்வினிமை மறைந்துவிடும். தியானத்தில் தூக்கம் வரும். சங்கீதங்கள் வெறுஞ் சொற்களாய்த் தோன்றும். வீட்டு நினைவு வாட்டும். பூ உதிர்ந்தது கண்டு, ‘என் அழைத்தல் பொய்யோ’ என்று பலர் கலங்குவது இப்போதே. ஆனால் விழுது இறங்குங்காலம் அதுவாகவும் இருக்கலாம். இத்தகைய வறட்சியில், முன்பு தெளிவான மனத்தோடு செய்த தீர்மானங்களை மாற்றலாகாது என்பது அர்ச். இஞ்ஞாசியாரின் முதுமொழிபோன்ற விதி. வெள்ளம் பெருகும்போது ஆற்றைக் கடக்கத் துணிவாரில்லை. மனம் கலங்கும்போது வாழ்வைத் திருப்பத் துணிவதும் அத்தகையதே. தெளியும்வரை காத்திருத்தல், செபத்தைக் குறைக்காதிருத்தல், வழிகாட்டியிடம் ஒளிக்காதிருத்தல் ஆகிய மூன்றும் அப்போது செய்யத்தக்கன.

6. மூன்று தடைகள்

விழுது இறங்கவொட்டாத இறுகிய மண் எது? நாம் மூன்றைச் சொல்வோம்.

முதலாவது, வெள்ளை அங்கியின் பெருமை. விடுமுறைக்கு ஊர் வரும் குருமாணவனுக்கு நாற்காலி போடுகிறார்கள். பாட்டியும் எழுந்து நிற்கிறாள். அவன் தகப்பனுக்கும் அவனால் மரியாதை கூடுகிறது. இன்னும் ஒன்றும் செய்யாதவனுக்கு இவ்வளவு மரியாதை கிடைப்பது அபாயம். சேவை செய்ய வேண்டியவன் சேவிக்கப்படப் பழகிவிடுகிறான். விடுமுறையில் தகப்பனோடு களத்தில் இறங்கி மணிலா ஆய்பவன் இந்நோய்க்குத் தகுந்த மருந்தை உண்டவனாவான்.

இரண்டாவது, தனிமையைக் குறித்த பயம். மடத்தில் நூறுபேர் நடுவே வாழ்ந்தவன், குருவானபின் பல கிளையூர்களையுடைய ஒரு பங்கில் இரவில் தனியே உண்ண வேண்டியவனாவான். விவாகமில்லா வாழ்வு என்பது அன்பில்லா வாழ்வன்று. அன்பை ஒரு வீட்டுக்குள் அடைக்காத வாழ்வு. ஆனால் மெய்யான நட்பு கொள்ளத் தெரியாதவன் அதில் நிலைத்தல் அரிது. நண்பனிடம் மனந்திறக்கவும், உதவி கேட்கவும், தன் சோர்வை மறைக்காதிருக்கவும் மடத்திலேயே கற்றல் வேண்டும்.

மூன்றாவது, சாதி. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போதும் அதனையடுத்தும் ஆர்க்காட்டுச் சீமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் திரள் திரளாகத் திருச்சபையில் சேர்ந்தனர். சேத்துப்பட்டில் உழைத்த தாராஸ் சுவாமியாரின் பெயர் அவர்கள் சந்ததியாரிடை இன்றும் வழங்குகிறது. ஆனால் அவர்களோடு சேர்ந்து முழந்தாளிட மறுத்தவர்களும் கிறிஸ்தவர்களே. கோவிலுக்குள் இடம் பிரிக்கப்பட்டது, கல்லறையும் பிரிக்கப்பட்டது, அவர்கள் மக்களுக்குக் குருமடத்தின் வாயில் நெடுங்காலம் எளிதில் திறக்கவில்லை. ஏழைக்கென்று கட்டிய வாசற்படி என்று நாம் மேலே கூறியதை நினைக்கும்போது இது நெஞ்சைச் சுடுகிறது. இந்திய மேற்றிராணியார் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் இக்கொடுமை திருச்சபைக்குள் நிலவுவதை ஒப்புக்கொண்டு, அதை ஒழிக்க உறுதி கூறியது. 2022 ஆகஸ்டு 27-ல் ஐதராபாத் அதிமேற்றிராணியார் அந்தோனி பூலா, தலித் மக்களிலிருந்து தோன்றிய முதற் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். இவை நற்குறிகள். ஆயினும் அறிக்கையால் மாத்திரம் சாதி ஒழியாது. ஒரே பந்தியில் உண்டு, ஒரே அறையில் உறங்கி, ஒருவன் காய்ச்சலில் மற்றொருவன் பக்கத்திலிருந்து பணிசெய்யும் பத்தாண்டுகளில் ஒரு குருமாணவன் தன் மனத்திலுள்ள சாதியைக் களையவில்லையாயின், பீடத்தில் நின்று சமாதானம் கூற அவனுக்கு என்ன நியாயமுண்டு? அவன் கற்ற தேவசாஸ்திரம் முழுவதற்கும் இதுவே உண்மையான பரீட்சை.

7. திரும்பி வருவோர்

இனி மூன்றாம் கேள்வி. குருமடத்தில் சேர்ந்தோர் அனைவரும் குருக்களாவதில்லை. சிலரை மடத்தார் அனுப்பிவிடுகின்றனர். சிலர் தாமே ஆராய்ந்து வெளியேறுகின்றனர். நம் கிராமங்களில் இவர்கள் படும்பாடு சொல்லத்தரமன்று. ‘சாமியாராகப் போனவன் திரும்பி வந்துவிட்டான்’ என்னும் பேச்சு அவர்களை ஆண்டுக்கணக்காய்த் தொடர்கிறது. தாய் கோவிலுக்குப் போகவும் கூசுகிறாள். இப்பேச்சுக்கு அஞ்சி, தன் உள்ளம் வேண்டாமென்று சொல்லியும் மடத்திலேயே தங்கிப் பட்டமும் பெறுபவனுண்டானால், அதன் கேடு அவனோடு முடியாது. ஒரு பங்கு முழுவதையும் வாட்டும். திரும்பியவனைப் பழிக்கும் ஊர் தனக்கு மனமொவ்வாத குருவைத் தானே தேடிக்கொள்கிறது.

பயிற்சி என்பது ஒருவனை எப்படியேனும் குருவாக்கிவிடும் ஆலையன்று. அவன் அழைத்தல் யாது என்று அவனும் திருச்சபையும் சேர்ந்து ஆராயும் காலம். ஆராய்ச்சியின் முடிவு ‘ஆம்’ என்றிருப்பினும், ‘அன்று’ என்றிருப்பினும், உண்மை வெளிப்பட்டதேல் ஆராய்ச்சி வெற்றியே. மடத்தில் கற்ற ஒழுங்கும் செபமும் தன்னறிவும் இல்லறத்தில் வீணாவதில்லை. 1752-ல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக்கொல்லப்பட்டு, 2022 மே 15-ல் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் பிள்ளை குருவுமல்லர், துறவியுமல்லர்; விவாகம் செய்து வாழ்ந்த இல்லறத்தாரே. புனிதத்துக்கு ஒரே வாசல் என்று எவரும் நினையாதிருப்பாராக. நல்ல ஆசிரியனாக, நல்ல தகப்பனாக, பஞ்சாயத்தில் இலஞ்சம் வாங்காத நல்ல அங்கத்தினனாகத் திரும்பியவனை ஊரார் இருகையேந்தி வரவேற்பார்களாயின், மடத்திலிருப்போரும் அச்சமின்றித் தங்களை ஆராய்ந்து பார்ப்பார்கள்; அப்போது பட்டம் பெறுவோரும் முழுமனத்தோடு பெறுவார்கள்.

முடிவுரை

மாணவ நண்பர்களே, இதுகாறும் நாம் ஆராய்ந்தவற்றின் சாரம் இதுவே. குருத்துவத்துக்குத் தகுதி குலத்தாலோ செல்வத்தாலோ வருவதன்று. நம் மண்ணிலிருந்தே குருக்கள் எழவேண்டுமென்பதற்காகப் பலர் நெடுங்காலம் வாதாடினர். அவ்வுரிமை நமக்கு எளிதில் வந்ததன்று. பயிற்சியின் படிகளும் விதிகளும் காலந்தோறும் மாறலாம். தன்னை அறிதல், தன்னை அடக்கல், தன்னைக் கொடுத்தல் என்னும் மூன்றும் மாறா. இவ்வளர்ச்சி ஆரவாரமின்றி நிகழ்வது. காண விரும்பி அசைத்துப் பார்ப்போருக்குக் கிட்டாதது.

உங்களுள் எவரேனும் இவ்வழியில் செல்ல நினைப்பாராயின், இன்றே அங்கியைக் குறித்துக் கனவு காணவேண்டுவதில்லை. இன்றிரவு கால் மணி நேரம் நாளைத் திரும்பிப் பார்த்து நன்றி கூறுங்கள். நாளைக்கு உங்கள் வகுப்பில் ஒருவரும் பேசாத மாணவனோடு சேர்ந்து உண்ணுங்கள். உங்கள் மனத்திலுள்ளதை நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். இவ்வழியில் செல்ல நினையாதவர்களுக்கும் ஒரு கடமையுண்டு. உங்கள் ஊரிலிருந்து குருமடம் சென்று திரும்பியவர் எவரேனும் இருப்பின், அவர் வீட்டுக்கு ஒருநாள் சென்று வாருங்கள்.